பகடையும் காத்திருப்பும்: ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ இணைய ஆட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் தம் முறையை முழுவதும் ஆடி முடித்த பிறகே மற்றவருக்கு வாய்ப்பு வரும் வியூக விளையாட்டுகளைக் கணினிக்கு எதிராகத் தனியே ஆடுவது வேறு. இணையத்தில் இன்னொரு மனிதருக்கு எதிராக ஆடுவது வேறு. முன்னதில் நேரம் முழுவதும் ஆடுபவரின் கையில் இருக்கிறது. பின்னதில் அதில் பாதி எதிராளிக்குப் போய்விடுகிறது. அத்தகைய விளையாட்டு ஒன்றின் பலங்களும் பலவீனங்களும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு இந்த ஆய்வு பார்க்கிறது. ஒவ்வொரு அடியும் படுமா, தவறுமா என்பதைக் கணினி பகடை உருட்டுவது போலத் தற்செயலாக முடிவு செய்கிறது. வெற்றி தோல்வியைத் திறமை தீர்மானிப்பதில்லை, அந்தப் பகடையே தீர்மானிக்கிறது என்பதுதான் இதை ஆடுவோரிடம் நெடுங்காலமாகக் கேட்கும் முறையீடு. என் முடிவு வேறு. பகடை இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. இணையத்தில் ஆடுவோரைச் சோர்வடையச் செய்து விலக வைப்பது, நேரத்தை இந்த ஆட்டம் கையாளும் விதமே.

வெஸ்நாத்தை 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கினார். 1.0 பதிப்பு 2005-இல் வந்தது. சி++ மொழியில் எழுதப்பட்ட இதன் நிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் யாவருக்கும் திறந்திருக்கிறது. விளையாட்டை இலவசமாகப் பெறலாம். வளர்த்து வருவோர் தன்னார்வலர்கள். ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுக்க இவை மட்டுமே காரணம் அல்ல. இதன் விதிகள் அனைத்தும் எண்களாக வெளிப்படையாக இருக்கின்றன. தாக்குவதற்கு முன்பே அந்த மோதலின் நிகழ்தகவுகளைத் திரையில் பார்க்கலாம். ஆடி முடித்த ஆட்டத்தை ரீப்ளேயாகத் திரும்ப ஓட்டலாம். தோற்றது ஏன் என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டுக் கணக்கைக் கொண்டு விடை தேட முடிகிற விளையாட்டுகள் அதிகம் இல்லை.

ஆட்டத்தின் அமைப்பு

களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. இரு தரப்பிலும் ஒரு தலைவர் கோட்டையில் நின்று தங்கம் செலவழித்து வீரர்களைத் திரட்டுகிறார். தலைவர் வீழ்ந்தால் அந்தத் தரப்பு தோற்கிறது. லாயலிஸ்ட்ஸ், ரெபெல்ஸ், நார்தெர்னர்ஸ், அன்டெட், நல்கன்ஸ், டிரேக்ஸ் என்ற ஆறு தரப்புகளே நெடுங்காலமாக இணைய ஆட்டத்தின் அடித்தளம். சதுரங்கத்தைப் போல இரு பக்கமும் ஒரே படை நிற்பதில்லை. டிரேக்குகள் வேகமாகப் பறக்கும், வலுவாகத் தாக்கும். ஆனால் எந்த நிலத்தில் நின்றாலும் எளிதில் அடிபடும். எலும்புக்கூடுகளை வாளும் ஈட்டியும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கதாயுதமும் நெருப்பும் நொறுக்கிவிடும். இவ்வளவு வேறுபட்ட படைகளை ஒன்றுக்கொன்று ஈடாக நிறுத்தியிருப்பது பல ஆண்டுக் கால நுண்திருத்தத்தின் பலன். ஆனாலும், எதிராளியின் தரப்பு எதுவென்று தெரியாமல் முதல் படையைத் திரட்ட நேரும்போது ஓரளவு ஊகம் புகுந்துவிடுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

பொருளாதாரம் எளியது, ஆனால் கூர்மையானது. இணைய ஆட்டத்தின் வழக்கமான அமைப்பில் ஒரு முறைக்கு அடிப்படை வருவாய் 2 தங்கம்; கைப்பற்றிய ஒவ்வொரு கிராமத்துக்கும் மேலும் 2. ஒவ்வொரு வீரரும் தம் நிலைக்கு ஏற்பப் பராமரிப்புச் செலவு வைப்பார்; முதல் நிலை வீரருக்கு முறைக்கு 1 தங்கம். அதில் கிராமம் ஒன்றுக்கு 1 தங்கம் தள்ளுபடி. 8 கிராமங்களும் முதல் நிலை வீரர்கள் 9 பேரும் உள்ள தரப்புக்குக் கையில் வருவது 17 தங்கம்; ஓர் ஈட்டி வீரரைத் திரட்ட 14 தங்கம் போதும். இந்நிலையில் ஒரு கிராமத்தை எதிராளி பறித்தால் 2 தங்க வருவாயும் 1 தங்கத் தள்ளுபடியும் சேர்ந்து 3 குறைகிறது. எதிராளியும் தள்ளுபடி வரம்பைத் தாண்டிய படையுடன் இருந்தால் அவருக்கு 3 கூடுகிறது. ஆக ஒரு கிராமம் கைமாறினால் இருவருக்கும் இடையிலான இடைவெளி முறைக்கு 6 தங்கம் மாறுகிறது. மூன்று முறைகள் கழிந்தால் அது ஒரு வீரரின் விலையைத் தாண்டிவிடும். அதனால் களத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒற்றைக் கிராமத்துக்காகவும் இருவரும் போராட வேண்டியிருக்கிறது. படைகளை ஒரே குவியலாகத் திரட்டி மோதும் சோம்பேறித்தனத்துக்கு இங்கே இடமில்லை.

இத்துடன் இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிரி வீரரை ஒட்டிய கட்டத்துக்குள் நுழைபவர் அங்கேயே நிற்க வேண்டும் என்பது ஒன்று. இதனால் இரண்டு இரண்டு கட்டங்கள் இடைவெளி விட்டு நிறுத்திய சில வீரர்களே நீண்ட எல்லையைக் காத்துவிட முடிகிறது. மற்றது பொழுது. விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு என ஆறு முறைகளுக்கு ஒருமுறை நாள் சுழல்கிறது. லாஃபுல் எனப்படும் வீரர்களின் அடி பகலில் 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். கேயாட்டிக் எனப்படுவோருக்கு நேர்மாறு. விடியலிலும் அந்தியிலும் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

ஒரு மோதலின் கணக்கு

மேலே கண்ட விதிகள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை ஒரே ஒரு மோதலில் பார்க்கலாம். லாயலிஸ்ட் தரப்பின் ஈட்டி வீரர் ஒரு மோதலில் மூன்று தடவை குத்துவார், குத்து ஒன்றுக்கு 7 சேதம், அவர் லாஃபுல். நார்தெர்னர் தரப்பின் ஆர்க்கிஷ் கிரண்ட் கேயாட்டிக், உயிர்ப்புள்ளிகள் 38, விலை 12 தங்கம். பகலில் ஈட்டியின் சேதம் 9 ஆக உயரும். இரவில் 5 ஆகக் குறையும். திறந்த வெளியில் நிற்கும் கிரண்ட் மீது ஒரு குத்து விழும் வாய்ப்பு 60 சதவீதம். அதே கிரண்ட் கிராமத்துக்குள் நின்றால் 40 சதவீதம். வீரர்கள் பிறக்கும்போதே பெறும் குணங்களால் இவ்வெண்கள் சிறிது மாறும். இங்கே அவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

மூன்று ஈட்டி வீரர்கள் சேர்ந்து ஒரு கிரண்டைத் தாக்குகிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் ஒன்பது குத்துகள். பகலில் 38 புள்ளிகளையும் தீர்க்க ஐந்து குத்துகள் விழ வேண்டும். திறந்த வெளியில் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 73 சதவீதம். கிராமத்தில் 27 சதவீதம். இடம் ஒரே கட்டம் மாறினால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. இனிப் பொழுதை மாற்றிப் பார்க்கலாம். அந்தியில் குத்துக்கு 7 தான் என்பதால் ஆறு குத்துகள் விழ வேண்டும். திறந்த வெளியிலேயே வாய்ப்பு 48 சதவீதமாக இறங்குகிறது. இரவில் ஒன்பதில் எட்டு விழ வேண்டும். வாய்ப்பு 7 சதவீதம். அதே மூன்று பேர், அதே எதிரி, அதே நிலம். இரண்டு முறைகள் தாமதித்த ஒரே காரணத்தால் பெரும்பாலும் கைகூடும் தாக்குதல் கைகூடாத தாக்குதலாகிவிடுகிறது. அதற்குள் கிரண்டின் திருப்பி அடிக்கும் வலுவோ, பகலில் அடிக்கு 7 ஆக இருந்தது இரவில் 11 ஆக ஏறியிருக்கும்.

பகடை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற முறையீட்டுக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. 73 சதவீதம் என்பது தற்செயலாகக் கிடைத்த எண் அன்று. எதிரியைக் கிராமத்திலிருந்து வெளியே இழுத்தது, பொழுது பார்த்து முன்னேறியது, மூன்று பேர் ஒரே நேரத்தில் நெருங்கும்படி வரிசையை முன்கூட்டியே அமைத்தது ஆகிய முடிவுகள்தான் அந்த எண்ணை உருவாக்கின. ஆட்டத்தில் திறமை என்பது பகடை உருளும் முன்பே பெரும்பாலும் செலவழிக்கப்பட்டுவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் அதோடு நிற்பதில்லை. முதல் வீரர் குத்தி முடித்ததும் நிலைமையைத் திரும்ப மதிப்பிட்டு, அடுத்தவரை அங்கேயே அனுப்புவதா, வேறு இலக்குக்குத் திருப்புவதா, பின்வாங்குவதா என்று முடிவெடுக்கிறார்கள். விளைவு முன்கூட்டியே தெரிந்துவிடும் ஆட்டத்தில் இந்த இடைநிலை முடிவுகளுக்கு வேலையே இராது. எந்த நிலத்திலும் 70 சதவீதம் படும் மாயத் தாக்குதலும், தாக்கும்போது குறைந்தது 60 சதவீதத்தை உறுதிசெய்யும் குறிபார்க்கும் திறனும் கூடுதல் விலை கொடுத்து நிச்சயத்தை வாங்கும் வழிகளாக அமைந்திருக்கின்றன. எவ்வளவு நிச்சயம் எவ்வளவு தங்கத்துக்குத் தகும் என்பதே தனியொரு வியூகக் கேள்வியாகிறது. இந்த விளையாட்டின் தலைசிறந்த வடிவமைப்பு என்று நான் கருதுவது இதையே.

ஆனாலும் முறையீட்டை முழுவதும் தள்ளிவிட முடியாது. மேற்சொன்ன தாக்குதலில் நான்கு குத்துகள் மட்டும் விழுவதற்கான வாய்ப்பு 17 சதவீதம். அப்போது கிரண்டுக்கு மிஞ்சுவது 2 உயிர்ப்புள்ளிகள். இந்த ஆட்டத்தில் காயம் வீரரின் அடியைக் குறைப்பதில்லை; 2 புள்ளியுடன் இருப்பவரும் முழு வலுவுடன் அடிப்பார். பின்வாங்கிக் கிராமத்தில் தங்கினால் முறைக்கு 8 புள்ளிகள் திரும்பப் பெறுவார். தாக்கிய மூவரோ திறந்த வெளியில் முன்னேறி நிற்க, பொழுது இரவை நோக்கி நகர்ந்திருக்கும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் ஆறில் ஒரு தடவை இந்த நிலையில் மாட்டிக்கொள்கிறார் என்பது உண்மை. ஒரு முழு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிகள் விழுவதால் அதிர்ஷ்டம் பெருமளவு சமன்படும் என்ற வாதமும் பாதிதான் சரி. அடிகள் எல்லாம் சம எடை உடையவை அல்ல. முதல் இரவின் நடுவில் தலைவரைச் சூழ்ந்து நடக்கும் ஒரு மோதலின் இரண்டு அடிகள் மற்ற நூறு அடிகளையும் விடக் கனமானவை. எதிர்பார்த்த சேதத்தையும் நிகழ்ந்த சேதத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் புள்ளிவிவரச் சாளரம் ஆட்டத்திலேயே இருக்கிறது. அதுவும் மொத்தக் கூட்டலைத்தான் காட்டும். எந்த அடி எப்போது தவறியது என்பதற்கு எடை தராது. தோற்றவருக்கு ஆறுதலாகவோ கண்டனமாகவோ அந்த எண்ணை நீட்டுவது அதனால் நியாயமாகாது. ரீப்ளேயை ஓட்டி, திருப்புமுனையான மோதலுக்கு முன் என்ன வாய்ப்பு இருந்தது என்று பார்ப்பதே பயனுள்ள வழி.

நேரம் எங்கே போகிறது

இனி, என் கணிப்பில் உண்மையான பலவீனம். இருவர் ஆடும் சிறிய களத்திலும் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது இயல்பு. அதில் ஏறத்தாழப் பாதி நேரம் ஒவ்வொருவரும் எதிராளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நால்வர் ஆட்டத்தில் காத்திருப்பு முக்கால் பங்காகிறது. சதுரங்கத்திலும் எதிராளியின் நேரம் உண்டு. ஆனால் அங்கே ஒரு முறைக்கு ஒரே நகர்வு. இங்கே ஒரு முறையில் பத்துப் பன்னிரண்டு வீரர்களை நகர்த்த வேண்டும். யார் முதலில் தாக்குவது என்ற வரிசையை எண்ண வேண்டும். ஒவ்வொரு தாக்குதலின் முடிவுக்குப் பிறகும் திட்டத்தைத் திருத்த வேண்டும். ஆக, முந்தைய பகுதியில் பாராட்டிய அந்த இடைநிலை முடிவுகளே எதிராளியின் காத்திருப்பை நீட்டுகின்றன. ஆட்டத்தின் ஆழமும் அதன் சோர்வும் ஒரே வேரிலிருந்து வருவதால், ஒன்றை வெட்டி மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது எளிதன்று.

‘சிவிலைசேஷன்’ வரிசை விளையாட்டுகளின் இணைய ஆட்டத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் தத்தம் முறையை ஆடும் வழி இருக்கிறது. காத்திருப்பு பெருமளவு மறைகிறது. ஆனால் போர் மூண்டதும் யார் விரைவாகச் சொடுக்குகிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது. வெஸ்நாத்துக்கு அந்த வழி பொருந்தாது. ஒரு கட்டம் முன்னே பின்னே நிற்பதில் 73 சதவீதம் 27 ஆகும் ஆட்டத்தில் கைவேகத்துக்கு இடம் கொடுத்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

ஆட்டத்திலேயே உள்ள கடிகாரம் இதற்குப் பாதி மருந்து. தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம், முறை ஒன்றுக்குக் கூடுதல் நேரம், செயல் ஒன்றுக்குக் கூடுதல் நேரம், சேமித்து வைக்கக்கூடிய நேரத்துக்கு உச்சவரம்பு ஆகிய நான்கையும் ஆட்டத்தைத் தொடங்குபவர் அமைக்கலாம். நன்கு சிந்தித்து வகுத்த ஏற்பாடு இது. படை பெருகப் பெருகத் தேவைப்படும் நேரமும் பெருகும் என்பதை, செயலுக்கு நேரம் தருவதன் மூலம் ஏற்றுக்கொள்கிறது. எதிராளியின் முறையிலேயே தம் அடுத்த நகர்வுகளைக் களத்தின் மீது வரைந்து வைக்கும் திட்டமிடல் வசதியும் உண்டு. கூட்டாளிகள் உள்ள ஆட்டத்தில் அது மிகவும் உதவுகிறது. இருவர் ஆட்டத்திலோ, எதிராளியின் அடி எப்படி விழும் என்று தெரியாமல் வரைந்த திட்டம் பெரும்பாலும் அழிந்துபோகிறது.

காத்திருப்பை இன்னும் கசப்பாக்குவது ஆட்டத்தின் முடிவுப் பகுதி. கிராமங்களையும் வீரர்களையும் இழந்த தரப்பு மீண்டு வருவது கடினம். வருவாய் குறைந்தால் படை குறையும், படை குறைந்தால் இன்னும் கிராமங்கள் போகும். யார் வெல்வார் என்பது தெரிந்த பிறகும் தலைவரைச் சுற்றி வளைத்து வீழ்த்தப் பல முறைகள் ஆகும். தோல்வியை ஏற்று விலகுவது நல்ல பண்பாகவே கருதப்படுகிறது. ஆனால் விலகுவதற்கும் சொல்லாமல் ஓடிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் உடனே அறிவதில்லை. ஒருவர் இணைப்பிலிருந்து போய்விட்டால், அவருடைய தரப்பைக் கணினிக்குக் கொடுப்பதா, இன்னொருவருக்குக் கொடுப்பதா, செயலற்று விடுவதா, சேமித்து நிறுத்துவதா என்ற கேள்வி எஞ்சியிருப்பவர் முன் வந்து நிற்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் விரும்பி அமர்ந்த ஆட்டம் அங்கே முடிந்துவிட்டது.

இணையக் கட்டமைப்பு

ஒவ்வொருவருடைய கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிடுகிறது. சர்வர் வழியே செல்வது கட்டளைகள் மட்டுமே. பகடையின் விளைவுகளைக் கணக்கிடத் தொடக்கமாக அமையும் விதை எண் சர்வரிடமிருந்து வருவதால் யாரும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியாது. இந்த அமைப்பின் நன்மைகள் பெரியவை. வேகம் குறைந்த இணைப்பிலும் ஆட்டம் தடையின்றி ஓடுகிறது. ரீப்ளே கோப்புகள் சிறியவை. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பார்வையாளராகச் சென்று காண முடிகிறது. புதியவர் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வாயில் இல்லை.

குறைகள் இரண்டு. இரு கணினிகளின் கணக்கும் ஏதோ ஒரு காரணத்தால் வேறுபட்டால் ஆட்டம் ஒத்திசைவை இழந்து பிழை காட்டும். ஆட்-ஆன்கள் (ஆடுவோர் உருவாக்கிய கூடுதல் தொகுப்புகள்) சேர்த்த ஆட்டங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். மற்றொன்று இன்னும் ஆழமானது. தம் வீரர்களின் எட்டுகைக்கு அப்பால் உள்ள கட்டங்களை மூடுபனியால் மறைக்கும் ஏற்பாடு ஆட்டத்தில் உண்டு; அப்படி மறைக்கப்பட்ட எதிரியின் நிலையும் என் கணினியில் இருக்கத்தான் செய்கிறது. திரையில் காட்டப்படுவதில்லை, அவ்வளவுதான். நிரல் திறந்திருப்பதால், அதைத் திருத்திப் பனிக்குள் எட்டிப் பார்ப்பது தொழில்நுட்ப அளவில் இயலும். இந்த ஏற்பாடு ஆடுவோரின் நேர்மையின் மேல் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர்கள் ஆடும்போது இது பொருட்டே இல்லை. பரிசோ தரவரிசையோ உள்ள போட்டிகளில் இது கவலைக்குரியது.

பதிப்புகள் மாறும்போது இன்னொரு இழப்பு நேர்கிறது. 1.16 வரிசையில் இருப்பவரும் 1.18 வரிசையில் இருப்பவரும் ஒருவரோடு ஒருவர் ஆட முடியாது. புதிய வரிசை வெளியானதும் ஆடுவோர் இரண்டாகப் பிரிந்து, சில காலம் இரு லாபிகளிலும் (ஆடுவோர் கூடும் இணைய அரங்குகள்) எதிராளி கிடைப்பது அரிதாகிறது. பல்லாயிரம் பேர் எந்நேரமும் ஆடும் விளையாட்டுக்கு இது சிறு தொல்லை. இவ்வளவு சிறிய சமூகத்துக்குப் பெரிய இழப்பு.

தனி ஆட்டத்திலிருந்து இணைய ஆட்டத்துக்கு

கணினிக்கு எதிரான தொடர் போர்க்கதைகளே பெரும்பாலோரை வெஸ்நாத்துக்குள் கொண்டுவருகின்றன. அவை நன்றாக எழுதப்பட்டவை, பற்பல மணி நேரம் ஆடத்தக்கவை. ஆனால் இணைய ஆட்டத்துக்கு அவை தவறான ஆசிரியர். கணினி பொழுதையும் நிலத்தையும் போதிய அளவு மதிக்காமல் பாய்ந்து வருவதால், நல்ல நிலத்தில் நின்று காத்திருந்தாலே வெல்லலாம் என்ற பழக்கம் வளர்கிறது. அனுபவம் பெற்ற வீரர்களைக் கதையின் அடுத்த போருக்கு அழைத்துச் செல்லும் வசதியால், உயர்நிலை வீரர்களைப் பொத்திப் பாதுகாப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. இணையத்தில் எதிரி பகலில் விலகிப் போய் இரவில் திரும்பி வருகிறார். கிராமத்தைப் பறிக்க ஒரு வீரரைப் பலி கொடுக்கத் தயங்குவதில்லை. பல போர்க்கதைகளை முடித்து நம்பிக்கையோடு லாபிக்குள் வரும் ஒருவர் தம் முதல் ஆட்டத்தை இரண்டாம் இரவுக்குள் இழப்பது வழக்கம். அப்போது பகடையைக் குறை சொல்வது அவருக்கு இயல்பாக வருகிறது. ஆனால் அவர் தோற்றது பொழுதுக் கணக்கில்.

திறமைக்கேற்ற எதிராளியைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இங்கே நெடுங்காலம் லாபிக்கு வெளியே, ஆடுவோரே தனியாக நடத்திய தரவரிசையை நம்பி இருந்தது. அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அதைப் பற்றி அறியாத புதியவருக்கு லாபியில் வந்து சேரும் எதிராளி தொடக்கநிலையினரா, பல ஆண்டு அனுபவமுள்ளவரா என்று தெரிவதில்லை. ஒரு மணி நேரம் செலவாகும் ஆட்டத்தில் பொருந்தாத இணை அமைந்தால் இருவர் நேரமும் வீணாகிறது. பத்து நிமிட ஆட்டத்தில் இதே பிழை நேர்ந்தால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இங்கும் குறையின் எடையைக் கூட்டுவது நேரமே.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, பகடையை மட்டுப்படுத்தச் சொல்லும் கோரிக்கைகளை நான் ஏற்கவில்லை. கவனம் செல்ல வேண்டிய இடங்கள் வேறு. புதியவர்களுக்கான ஆட்டங்களில் சிறிய களமும், செயலுக்கு நேரம் தரும் கடிகாரமும் முன்னிருப்பாக அமைய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்கத் தேவையில்லாமல், ஒருவர் தம் முறையை ஆடிவிட்டுப் போக, மற்றவர் மறுநாள் தொடரக்கூடிய அஞ்சல்வழி ஆட்டமுறை ஒன்று முறையாக அமைய வேண்டும். சேமித்த ஆட்டத்தைப் பின்னர் இருவரும் கூடித் தொடர்வது இப்போதும் இயலும். ஆனால் அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் பலருக்கும் கடினம். அஞ்சல்வழியில் ஓர் ஆட்டம் வாரக்கணக்கில் நீளலாம். ஆனால் யாரும் திரைமுன் வெறுமனே அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த மோதலின் 73 சதவீதத்தை நிதானமாக எண்ணிப் பார்க்கவும், அதை 80 ஆக்க இன்னொரு வீரரை எந்தக் கட்டத்துக்கு நகர்த்தலாம் என்று யோசிக்கவும் இருவருக்கும் போதிய நேரம் கிடைக்கும்.